இரட்சிப்பும் மரணமில்லா வாழ்வும்: கிறிஸ்தவர்களுக்குள் ஏன் இத்தனை கருத்துகள்?

மறுமையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டால், நம்மில் பலர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவோம்: இயேசுவை நம்பினால் சொர்க்கம், நம்பாவிட்டால் நரகம். ஆனால் அண்டை வீட்டுக் கத்தோலிக்கரிடமும், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சக ஊழியரிடமும், வீடு வீடாக வந்து பிரசுரம் தரும் யெகோவாவின் சாட்சியிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். மூன்று பதில்கள் கிடைக்கும். மூவரும் ஆதாரம் காட்டுவது பைபிளிலிருந்துதான். இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன?

எது வேதம்?

வேறுபாடு நூல்களின் எண்ணிக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள். புரட்டஸ்டண்ட் பைபிளில் 66. இறந்தவர்களின் பாவம் நீங்கப் பிரார்த்தனை செய்யப்பட்டதைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம் கத்தோலிக்கருக்கு வேதம். உத்தரிக்கிற ஸ்தலம் என்ற நம்பிக்கைக்கு அவர்கள் காட்டும் ஆதாரங்களில் அதுவும் ஒன்று. புரட்டஸ்டண்டுகளின் 66-இல் அந்த நூலே இல்லை.

நம்பிக்கையா, செயலா?

புரட்டஸ்டண்டுகள் 'இரட்சிப்பு' என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் 'மீட்பு' என்றும் சொல்வது எதனால் கிடைக்கிறது? ரோமர் 3:28-இல் பவுல், மனிதன் விசுவாசத்தினால் நீதிமான் ஆகிறான் என்ற கருத்தைச் சொல்கிறார். யாக்கோபு 2:24 செயல்களும் வேண்டும் என்கிறது. மார்ட்டின் லூதர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ரோமர் வசனத்தில் 'மட்டும்' என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அச்சொல் இல்லை. கருத்து அதுதான் என்பது அவர் வாதம். 1547-இல் திரெந்து பேரவையில் கத்தோலிக்கத் திருச்சபை இதை மறுத்தது. 450 ஆண்டுகளுக்குப் பின், 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, அடிப்படை அம்சங்களில் உடன்பட்டனர். எல்லாப் புரட்டஸ்டண்டுகளும் அதை ஏற்கவில்லை.

ஆன்மா சாகுமா?

நம்மவர் பலர் அறியாத கருத்து வேறுபாடு இது. மனிதன் இறந்தபின் அவன் ஆன்மா உணர்வோடு இருக்கிறது என்பது பெரும்பான்மைக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஆன்மா அழியாதது என்பதை 1513-இல் ஐந்தாம் லாத்தரன் பேரவை திருச்சபையின் போதனையாக உறுதிப்படுத்தியது. லூதரோ மரணத்தைப் பல இடங்களில் உறக்கம் என்றே வர்ணித்தார். ஆன்மா உறங்குகிறது என்ற கருத்தை மறுத்து ஜான் கால்வின் தனி நூலே எழுதினார். அது 1542-இல் அச்சானது.

1863-இல் அமெரிக்காவில் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரும், யெகோவாவின் சாட்சிகளும், இறந்தவர்களுக்கு எந்த உணர்வும் இல்லை என்கின்றனர். பிரசங்கி 9:5-ஐயும், அழியாமை இறைவனுக்கு மட்டுமே உரியது என்னும் 1 தீமோத்தேயு 6:16-ஐயும் காட்டுவர். மறுதரப்பினர் லூக்கா 16-இல் வரும் செல்வந்தன், லாசரு கதையைக் காட்டுவர்.

ஒரு காற்புள்ளியால் பொருள் எப்படி மாறுகிறது என்பதற்கு லூக்கா 23:43 நல்ல உதாரணம். சிலுவையில் உடனிருந்த குற்றவாளிக்கு இயேசு பரதீசை வாக்களித்ததாக அவ்வசனம் கூறுகிறது. 'இன்று' என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி வைத்தால், அவன் அன்றே பரதீசில் இருப்பான் என்று பொருள். பின்னால் வைத்தால், வாக்குறுதி சொல்லப்பட்ட நாள்தான் 'இன்று'. பரதீசு பிறகு வரும். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் முன்னால் வைக்கின்றன. யெகோவாவின் சாட்சிகளின் மொழிபெயர்ப்பு பின்னால் வைக்கிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இன்றுள்ளது போன்ற முறையான நிறுத்தற்குறிகள் இல்லை.

நரகம் முடிவற்றதா?

மத்தேயு 25:46-இல் வாழ்வுக்கும் தண்டனைக்கும் ஒரே கிரேக்க அடைமொழி வருகிறது. ஆகவே ஒன்று நித்தியம் என்றால் மற்றதும் நித்தியமே என்று அகஸ்டின் வாதிட்டார். தண்டனையின் 'விளைவு'தான் நித்தியம், பாவிகள் அழிந்து போவார்கள் என்பது இன்னொரு தரப்பு. ஆங்கிலிக்கன் அறிஞர் ஜான் ஸ்டாட் 1988-இல் தயக்கத்தோடு இந்தப் பக்கம் சாய்ந்தார். இறுதியில் அனைவரும் மீட்கப்படுவர் என்ற கருத்து மூன்றாம் நூற்றாண்டின் ஓரிஜனோடு தொடர்புடையது. 553-இல் கான்ஸ்டான்டிநோபிள் பேரவை வெளியிட்ட கண்டனப் பட்டியலில் அவர் பெயரும் உண்டு.

மற்ற மதத்தினர் நிலை?

இது நம்மையும் தொடும் கேள்வி. இயேசுவை வெளிப்படையாக ஏற்காதவருக்கு இரட்சிப்பு இல்லை என்பது இவாஞ்சலிக்கல் சபைகள் பலவற்றின் நிலை. இரண்டாம் வத்திக்கான் பேரவை 1964-இல் வெளியிட்ட 'லூமென் ஜென்சியும்' என்ற ஆவணத்தின் 16-ஆம் பத்தியோ, படைத்தவனை ஏற்போரும் மீட்புத் திட்டத்தில் அடங்குவர் என்று சொல்லி, அவர்களில் முஸ்லிம்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

நாம் கவனிக்க வேண்டியது

வேதக்காரர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று குர்ஆன் 3:113 நமக்குச் சொல்லித் தருகிறது. ஒருவர் நம்பாததை அவர்மேல் ஏற்றிவைத்து மறுப்பது நீதியல்ல; அதனால் உரையாடலும் நின்றுபோகும். கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை வகுப்புத் தோழனோடு இதுபற்றிப் பேச நேர்ந்தால், முதலில் கேட்க வேண்டியது: "உங்கள் சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது?" பதிலைக் கேட்டபின் நம் நம்பிக்கையைச் சொல்லலாம்.