புலியின் மேல் நிற்கும் சிங்கம்
ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயர் 1795 செப்ரெம்பரில் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். மறு ஆண்டு கொழும்பும் வீழ்ந்தது. இப்போரில் பணியாற்றிய வங்காளப் பீரங்கிப் படையின் இந்தியர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பனி 2 தங்கப் பதக்கங்களையும் 121 வெள்ளிப் பதக்கங்களையும் வழங்கியது. அவற்றில் உருவம் எதுவுமில்லை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பாரசீகம். செய்த சேவையைக் குறிப்பிடுவதோடு பதக்கம் நின்றுவிடுகிறது.

அதே கம்பனி 1808இல் வழங்கிய பதக்கமோ ஒரு கதையையே சொல்ல முற்படுகிறது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் போரிலே உயிர் நீத்ததன் நினைவாக எழுந்தது அது. பர்மிங்ஹாமில் மத்தியூ போல்ட்டனின் சோஹோ நாணயசாலையில் அச்சிடப்பட்டது. வடிவமைத்தவர் கொன்ராட் ஹைன்ரிச் கூக்லர். பண்டைய உரோமரின் நாணயக் கலையை முன்மாதிரியாகக் கொள்ளும் மரபு அக்கால ஐரோப்பாவில் ஓங்கியிருந்தது. பெரிய நிகழ்வொன்றை ஓர் உருவகத்துக்குள் அடக்குவதும் ஆண்டினை உரோம எண்ணில் பொறிப்பதும் அம்மரபின் இலக்கணம்.

முன்பக்கத்தில் பிரித்தானியச் சிங்கம் ஒரு புலியை வீழ்த்தி மேலே நிற்கிறது. பின்பக்கத்தில் உச்சிச் சூரியனின் கீழ் படைகள் கோட்டையின் உடைப்பில் ஏறுகின்றன. வகுப்பிலே இதன் படத்தைக் காட்டினால், சிங்கத்தையும் புலியையும் கண்டதும் மாணவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். விலங்குச் சின்னங்களின் சுமையை நன்கறிந்த மண் எங்களுடையது. ஆனால் நான் அவர்களை வாசிக்கச் சொல்வது சிங்கத்துக்கு மேலே கொடியில் உள்ள அரபு எழுத்தை.

'அஸதுல்லாஹ் அல்-காலிப்' என்பது அவ்வெழுத்து. அல்லாஹ்வின் சிங்கமே வெல்பவர் என்பது பொருள். அஸதுல்லாஹ் என்பது அலி (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர் என்பதை நம் வாசகர் அறிவர். திப்புவின் தந்தை தாங்கிய ஹைதர் என்ற பெயருக்கும் சிங்கம் என்றே பொருள். இதே வாசகத்தைத் திப்பு தமது ஆயுதங்களிற் பொறித்தார். எழுத்துகளை வளைத்துப் புலிமுகமாகவும் வரையச் செய்தார். அவருடைய சின்னத்தில் சிங்கமும் புலியும் ஒன்றாயிருந்தன. பதக்கம் அவற்றைப் பிரித்துப் பகையாக்கி, புலியைக் கீழே கிடத்தி, புலிக்குரிய சொல்லைச் சிங்கத்துக்குக் கொடுத்துவிட்டது.

பின்பக்கத்துப் பாரசீக வரியும் அத்தகையதே. கோட்டையை இறைவனின் கொடை என்று கூறி, ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாதத்தைக் குறிக்கிறது. தமது அரசுக்குத் திப்பு இட்ட பெயர் 'ஸர்காரே குதாதாத்', அதாவது இறைவன் தந்த அரசு. நாட்டைப் பறித்தவர்கள் அதன் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

இப்பதக்கம் பதவிக்கேற்ப தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், ஈயக்கலவை என ஐந்து தரங்களிற் கிடைத்தது. தளபதி தங்கம் பெற்றார். சாதாரணச் சிப்பாய்க்கு ஈயக்கலவை. சித்திரம் ஒன்றேயானாலும் ஒவ்வொருவரின் இடத்தையும் உலோகம் சொல்லிவிட்டது.

பதக்கம் வழங்கப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1806 யூலை 10இல், வேலூர்க் கோட்டையில் சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். திப்புவின் புதல்வர்கள் அங்கேதான் காவலில் இருந்தார்கள். கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. தலைப்பாகையையும் தாடியையும் சமயக் குறிகளையும் பற்றிய கட்டளைகள் அவ்வெழுச்சிக்கு உடனடிக் காரணம். ஏழாண்டுகள் கழிந்த பின்னும் வீழ்த்தப்பட்ட அரசின் சின்னத்தையே அவர்கள் தேடி ஏற்றினார்கள்.

அந்தச் சென்னைப் படையினரும் 1799 முற்றுகையிற் போரிட்டவர்களே. 1808இல் ஈயக்கலவைப் பதக்கத்தைக் கையில் வாங்கியவர்களுள் அரபெழுத்து அறிந்த சிப்பாய், தான் எதிர்த்து நின்ற சுல்தானின் சொற்களையே அதில் வாசித்திருப்பான். இன்று அருங்காட்சியகத்தில் இதைக் காண்பவர்கள் சிங்கத்தோடு நின்றுவிடாமல், அதன் தலைக்கு மேலுள்ள வரியையும் அது யாருடையது என்று கேட்டு வாசிக்க வேண்டும்.