டி.எச்.சி.பி.: கணினி தன் வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறையின் வரலாறு

புதிய வைஃபையில் இணையும் கைபேசிக்கு முதலில் ஓர் ஐ.பி. முகவரி தேவை. எந்த ரவுட்டர் வழியாக வெளியே செல்வது, தளப் பெயர்களுக்குரிய முகவரிகளை எந்த டி.என்.எஸ். வழங்கியிடம் கேட்பது என்பனவும் தெரிந்தாக வேண்டும். இவற்றைச் சொல்லும் வழங்கி, அதாவது சர்வர், எங்கே இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. தனக்கே முகவரி இல்லாத நிலையில், முன்பின் அறியாத ஒருவரிடம் வழி கேட்க வேண்டிய நிலை இது. இன்று இப்பணியைச் செய்யும் நெறிமுறை டி.எச்.சி.பி. எனப்படுகிறது.

இதன் வேர் 1980களில் புழங்கிய வட்டில்லாக் கணினிகளில் உள்ளது. அணைத்தால் அவை எல்லாவற்றையும் மறந்துவிடும். வலையட்டையில் பொறிக்கப்பட்ட வன்பொருள் முகவரி மட்டுமே மிஞ்சும். அதைச் சொல்லி ஐ.பி. முகவரியைக் கேட்டுப் பெறும் ஆர்.ஏ.ஆர்.பி. என்ற முறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1984 ஜூனில் வெளியிட்டனர். இக்கேள்வி ரவுட்டரைத் தாண்டிச் செல்லாது; எனவே ஒவ்வொரு வலைப்பகுதியிலும் ஒரு வழங்கி வேண்டியிருந்தது. 1985 செப்டம்பரில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகியோர் எழுதிய பூட்பி நெறிமுறை இத்தடையை நீக்கியது. ஆனால் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற பட்டியலை வலையமைப்பின் பொறுப்பாளரே எழுதி வைக்க வேண்டியிருந்தது. இடம்விட்டு இடம் எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்கு அது ஒத்துவரவில்லை.

1993 அக்டோபரில் ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. வரையறை வெளிவந்தது. பதிப்புப் பிழைகள் காரணமாக அதே மாதத்திலேயே அதை மறுபடியும் வெளியிட நேர்ந்தது. 1997 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2131 இன்றும் அடிப்படை ஆவணமாக உள்ளது. இதில் முகவரி குத்தகைக்கே தரப்படுகிறது. பொதுவாகக் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும்.

தேர்வு நடைபெறும் விதம் இது. கணினி வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி 'வழங்கி யாரேனும் உண்டா' என்று அறிவிக்கும். கேட்ட வழங்கிகள் ஒவ்வொன்றும் ஒரு முகவரியை முன்மொழியும். கணினி அவற்றில் ஒன்றை ஏற்று, அந்த ஏற்பையும் எல்லாருக்கும் கேட்கும்படியே சொல்லும். மற்ற வழங்கிகள் தம் முன்மொழிவு ஏற்கப்படவில்லை என்று அறிந்து விலகிக்கொள்ளும். எதை ஏற்பது? ஆவணம் இதில் கண்டிப்பு காட்டவில்லை. முதலில் வந்ததையோ முன்பு பயன்படுத்திய வழங்கி தந்ததையோ கொள்ளலாம் என்று எடுத்துக்காட்டாகச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. முந்தி வருவதை ஏற்பதே பல கருவிகளின் வழக்கமாயிற்று.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. அலுவலக வலையமைப்பில் யாரேனும் வீட்டு ரவுட்டர் ஒன்றைத் தவறான துளையில் செருகிவிட்டால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். முகவரியைத் தருமுன் அதை வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா என வழங்கி சோதிக்க வேண்டும் என்பது ஆவணத்தின் பரிந்துரை. அப்படிச் சோதித்துத் தரும் பொறுப்பான வழங்கி சற்றுப் பிந்துகிறது; சோதிக்காதது முந்துகிறது! ரவுட்டரைச் செருகியவர் அறியாமல் செய்திருந்தால் இணையம் அறுபடுவதோடு போகும். தெரிந்தே செய்தவர் என்றால், தம் கணினியையே வாயிலாக அறிவித்து, பிறருடைய போக்குவரத்தைத் தம் வழியே செலுத்திக்கொள்ள முடியும்.

இந்நெறிமுறை பாதுகாப்பற்றது என்பதை 1997 ஆவணமே ஒப்புக்கொள்கிறது. 2001இல் வழங்கியின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை ஒன்று வரையறுக்கப்பட்டது. அதற்கு ஒவ்வொரு கருவியிலும் முன்கூட்டியே இரகசியச் சாவி வைத்தாக வேண்டும். முன்னேற்பாடு எதுவுமின்றி இணைவதற்காகவே உருவான ஒன்றுக்கு இது எப்படிப் பொருந்தும்? அம்முறை பரவவில்லை. மாற்றாக, குறிப்பிட்ட துளையிலிருந்து வரும் முன்மொழிவுகளை மட்டும் அனுமதிக்கும் வசதி சுவிட்சுகளில் இடம்பெற்றது. அதாவது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் ஒரு பகுதி கணினியிடமிருந்து நடுவிலுள்ள கருவிக்கு மாறியது.

2002இல், வழித்தடங்களையும் வழங்கியே அறிவிக்க உதவும் 121ஆம் விருப்பக்கூறு சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு வி.பி.என். பாதுகாப்பிலிருந்து போக்குவரத்தை வெளியே இழுக்க முடியும் என்று 2024 மே மாதத்தில் ஆய்வாளர்கள் காட்டினர். அதற்கு 'டனல்விஷன்' என்று பெயரிட்டனர். அந்த விருப்பக்கூற்றைச் செயல்படுத்தாத ஆண்ட்ராய்டு மட்டும் இதற்குத் தப்பியது.