பாலாற்று நீரும் தங்கவயல் தமிழரும்

கி.மு. 312-இல் அமைக்கப்பட்ட அப்பியா கால்வாய் முதலாக உரோமானியர் கட்டிய நீர்வழிகள், பெரும்பாலும் நிலத்தின் சாய்வைக் கொண்டே நகரங்களுக்கு நீர் கொணர்ந்தன. கோலார் தங்கவயலின் நீர்வழியோ மேடேற வேண்டியதாயிற்று.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் மைசூர் மைன்ஸ் உள்ளிட்ட சுரங்கங்கள் வளர்ந்தன. பாறையைப் பொடித்துப் பொன்னைப் பிரிக்கவும், பெருகிய குடியிருப்புகளுக்கும் மிகுந்த நீர் தேவைப்பட்டது. வறண்ட அம்மேட்டு நிலத்தில் ஆறு இல்லை. எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலாற்றை மறித்து அமைந்த பேத்தமங்கலம் ஏரியின் நீர் எந்திரங்களால் ஏற்றப்பட்டுக் குழாய்வழி கொண்டுவரப்பட்டது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாலாறு கீழிறங்கிப் பாயும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தே சுரங்கத் தொழிலாளர் பலர் வந்தனர். ஆற்று நீரும் அவ்வாற்றங்கரை மக்களும் பொன்னின் பொருட்டு ஒரே மேட்டுக்குச் சென்றமை இதனால் புலனாகும்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னுக்கான நீர்த்தேவை அத்துடன் முடிந்தது. தொழிலாளர் வழித்தோன்றல்களின் குடிநீர்த் தேவை முடியவில்லை. ஆதலின் தங்கவயல் வரலாற்றைப் பொன்னின் எடையால் மட்டுமன்றி, நீரின் வழியாகவும் அளந்தறிதல் வேண்டும்.