டேப்பில் கிடந்த ஆல்பம்

2013 ஜனவரி 27. தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் மை ப்ளடி வேலன்டைன் என்ற ராக் குழுவின் கச்சேரி. புது ஆல்பம் எப்போது என்ற கேள்விக்கு அன்று இருபத்தொரு வயது. குழுவின் மூளையான கெவின் ஷீல்ட்ஸ், இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடலாம் என்று மேடையிலிருந்தே சொன்னார். கேட்டவர்களில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்! இப்படி அவர் சொல்வது முதல் தடவையல்ல. ஆனால் ஆறாம் நாள், பிப்ரவரி 2, சனிக்கிழமை இரவு, குழுவின் சொந்த இணையதளத்திலேயே ஆல்பம் வந்துவிட்டது. வந்த வேகத்தில் தளம் முடங்கியது. ஒரே நேரத்தில் அத்தனை பேர் கதவைத் தட்டினால் வேறென்ன ஆகும்?

ஆல்பத்தின் பெயர் 'எம் பி வி'. ஒன்பது பாட்டு, ஏறக்குறைய 46 நிமிடம். அது வெளியான தேதி 2013 என்றாலும், அதன் முதல் டேப்புகள் ஓடத் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில்.

டப்ளினில் 1983-ல் ஷீல்ட்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் கோல்ம் ஓ கீசோக்கும் தொடங்கிய குழு இது. பிறகு பேஸ் கிட்டாருக்கு டெபி கூஜும், பாடவும் கிட்டார் வாசிக்கவும் பிலிண்டா புட்சரும் வந்தார்கள். 1991 நவம்பரில் 'லவ்லெஸ்' ஆல்பம் வெளியானது. இரண்டு ஆண்டுக்கு மேல், லண்டனைச் சுற்றி 19 ஸ்டூடியோ மாறி மாறிப் பதிவானது அது. செலவைத் தாங்காத கிரியேஷன் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் குழுவைக் கைகழுவியது. ஆனால் அந்த ஆல்பம் ராக் இசையின் காதையே மாற்றிவிட்டது.

அந்த ஒலி எப்படிப் பிறந்தது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஷீல்ட்ஸின் கையில் ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிட்டார். அதன் கம்பிகள் கட்டியிருக்கும் இடத்தில் ட்ரெமோலோ என்னும் மெல்லிய இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. அழுத்தினால் சுருதி இறங்கும், விட்டால் பழைய நிலைக்கு வரும். மற்றவர்கள் வாசித்து முடித்தபின் அலங்காரத்துக்கு ஒரு தடவை அதைத் தொடுவார்கள். இவர் கம்பியை மீட்டும் கையாலேயே அந்தப் பிடியையும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு மீட்டலிலும் அசைத்தபடியே இருந்தார். வீணைக் கம்பியை இழுத்து எழுப்பும் கமகம் நம் காதுக்குப் பழக்கம். அங்கே ஒரு சுரம் அசைகிறது. இங்கே ஆறு கம்பியும் சேர்ந்து, தண்ணீருக்கடியில் கிடக்கும் படிக்கட்டு போலத் தளும்புகிறது.

1992-ல் ஐலண்ட் நிறுவனத்தோடு புது ஒப்பந்தம். அந்தப் பணத்தில் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதமில் வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ கட்டினார்கள். அடுத்த ஆண்டு கட்டி முடித்தபோது மிக்ஸிங் மேசை படுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்வதிலேயே உற்சாகம் கரைந்தது. போட்ட பணம் கிணற்றில் போட்ட கல்லானது. 1995-ல் கூஜும் ஓ கீசோக்கும் விலகினார்கள். 1997 வாக்கில் புட்சரும் போனார். கூஜ் கொஞ்ச காலம் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தார்.

ஆனால் குழு கலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான், 1996–97-ல், ஷீல்ட்ஸ் கிட்டார் பகுதிகளைப் பதிந்து வைத்தார். லண்டனில் அப்போது ஜங்கிள் என்ற நடன இசையின் காலம். அதன் நொறுங்கி ஓடும் தாளம் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதிந்ததில் ஜீவன் இல்லை என்று அவருக்கே தோன்றியதும் டேப்புகளை மூட்டை கட்டினார். மனம் ஒப்பாத சரக்கைக் கடைக்கு அனுப்பாத அந்தப் பிடிவாதத்தைச் சோம்பல் என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒப்பந்தத்துக்காக எதையாவது கொடுத்திருந்தால் இன்று அதைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது.

இடையில் பிரைமல் ஸ்க்ரீம் குழுவோடு வாசித்தார். 2003-ல் வந்த 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' படத்துக்கு இசை தந்தார். 2006-ல் பழைய டேப்புகளைத் திரும்பக் கேட்டபோது, தான் நினைத்ததைவிட அவை நன்றாக இருப்பது தெரிந்தது. டேப் மாறவில்லை; பத்து வருடத்தில் மாறியது கேட்ட காதுதான். 2008-ல் நால்வரும் மீண்டும் மேடையேறினார்கள். வாசலில் காதடைப்பான் கொடுத்து உள்ளே அனுப்பும் அளவுக்கு இரைச்சலான கச்சேரிகள் அவை. 2012-ல் பழைய பதிவுகளைப் புதுப்பித்து வெளியிட்டபின், கிடப்பில் இருந்த ஆல்பத்தின் வேலை முழு வேகம் பிடித்து, அந்த டிசம்பரில் மாஸ்டரிங் என்னும் கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பும் முடிந்தது.

கணினியில் வெட்டி ஒட்டாமல், முழுக்க டேப்பிலேயே உருவான ஆல்பம் இது. எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். அதற்கும் விலை இருந்தது: வழக்கமான விநியோகத்தின் வழியாக வராததால் அந்த ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதுப் போட்டிக்கே தகுதியில்லை என்றாகிவிட்டது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

முதல் மூன்று பாட்டில் பழைய 'லவ்லெஸ்' வாசனை அடிக்கிறது. நடுவில் 'இஸ் திஸ் அண்ட் யெஸ்' பாட்டில் கிட்டாரையே ஒதுக்கிவிட்டு, ஆர்கன் ஒலியின் மேல் புட்சரின் குரலை மட்டும் மிதக்க விடுகிறார்கள். கடைசி மூன்றில்தான் அந்த ஜங்கிள் நாட்கள் விழித்துக்கொள்கின்றன. 'நத்திங் இஸ்' ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே ஏறுகிறது. 'வொண்டர் 2' தலைக்கு மேல் விமானம் போவது போல ஓடி முடிகிறது. இருபது வருடம் கழித்து வந்தவர்கள் பழையதையே பாடிவிட்டுப் போயிருக்கலாம். இவர்கள் யாரும் போகாத இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

2021 மார்ச் 31 முதல் இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் கிடைக்கிறது. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றோடு, பாட்டு தாவாமல், வரிசையாக ஒன்பதையும் ஒரே மூச்சில் கேளுங்கள்.