அந்தமானுக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கு

இந்த டிசம்பர் விடுமுறைக்கும் நம் குடியிருப்பிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் அந்தமான் போவதாகக் கேள்வி. முதல் முறை போகிறவர்களுக்கு ஹாவ்லாக் கடற்கரையும் செல்லுலார் சிறையும் போதும். ஏற்கெனவே போய்வந்தவர்கள் ஒரு முழு நாளை போர்ட் பிளேருக்கே (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒதுக்கி, அதன் இடங்களை வரலாற்று வரிசையில் பார்க்கலாம். நாங்கள் போன ஜனவரியில் அப்படித்தான் சுற்றினோம்.

செல்லுலார் சிறையில்தான் அந்தமான் தண்டனை தொடங்கியது என்று பலரும் நினைக்கிறோம். அந்தச் சிறை கட்டி முடிந்தது 1906-இல். கைதிகள் வந்ததோ அதற்கு 48 வருடங்களுக்கு முன்பே. 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் 200 பேருடன் ஜே.பி. வாக்கர் என்ற அதிகாரி 1858 மார்ச் 10 அன்று வந்து இறங்கினார். அப்போது அங்கே சிறையே கிடையாது. சுற்றிலும் கடலும் காடும் இருந்ததால் மதில் தேவைப்படவில்லை.

முதலில் சாத்தம் தீவில் குடியேறினார்கள். அங்கே தண்ணீர் போதவில்லை. (லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நமக்கு இது சொல்லாமலே புரியும்!) அதனால் ராஸ் தீவுக்கு மாறினார்கள். காட்டை வெட்டியது, கல் சுமந்தது எல்லாம் கைதிகள்தான். தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் சில மாதங்களிலேயே தூக்கிலிட்டார். இவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. செல்லுலார் சிறையின் பளிங்குப் பலகைகளில் உள்ள பெயர்கள் பிற்காலத்துப் போராளிகளுடையவை.

ராஸ் தீவை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். மாதா கோயில், ரொட்டிக் கூடம், டென்னிஸ் மைதானம், ஆணையர் மாளிகை என்று அதிகாரிகளின் குட்டி நகரம் அது. 1941 நிலநடுக்கமும் மறு வருடம் ஜப்பானியர் வருகையும் அதன் கதையை முடித்தன. இன்று சுவர்களைப் பிடித்து நிறுத்தியிருப்பவை ஆலமர வேர்கள்தாம். புள்ளிமான்கள் பக்கத்தில் வந்து நிற்கும். குழந்தைகளுக்கு அதுவே போதும். 2018 முதல் இது நேதாஜி பெயரில் உள்ளது. அவர் அந்தமானில் கொடியேற்றியது 1943 டிசம்பர் 30 அன்று.

ராஸ் தீவுக்குப் படகு ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. வரிசையில் இடம் பிடிக்கும் அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1859 மே 17 அன்று அந்தமான் பழங்குடியினர் தங்கள் காட்டை மீட்க வில் அம்போடு அபர்டீன் பகுதிக்கு வந்தார்கள். எதிரே துப்பாக்கியும் பீரங்கியும். அவர்கள் வரப்போவதை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் சொன்னவர் தூத்நாத் திவாரி. அவரும் ஒரு கைதிதான். தப்பி ஓடியவரைப் பழங்குடியினர் தங்களோடு சேர்த்துக்கொண்டு, பெண்ணும் கொடுத்து ஏறக்குறைய ஒரு வருடம் வாழவைத்தார்கள். தகவல் சொன்னதற்கு அவருக்கு விடுதலை கிடைத்தது. அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்ப வேறு வழியில்லாத ஆயுள் கைதி அவர். ஆனால் சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர், அதன் பிறகு வந்த அம்மையிலும் பிற நோய்களிலும் அழிந்து, இன்று ஐம்பது அறுபது பேராகச் சுருங்கிவிட்டார்கள்.

மாலையில் செல்லுலார் சிறை. ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். இடிந்த பகுதியில் அரசு மருத்துவமனை நிற்கிறது. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆகவே ராஸ் தீவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். படகுக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனால் அந்த நினைவுச் சின்னத்தையும் நின்று பார்க்கலாம்.