போக்சன் கண்ட இரு விடியல்கள்

கார்த்திகையில் கல்வராயன் மலையை முகில் மூடிக் கிடக்கும் நாள்களில், சங்கராபுரத்தில் நிற்பவருக்கு விண்மீன்கள் உண்டென்பதே மறந்துபோகும். உழவருக்கு அது மகிழ்ச்சி, வானியலாருக்கு வேதனை. அவ்வேதனையை முழுமையாக அனுபவித்தவர் நார்மன் ராபர்ட் போக்சன்.

1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டிலேயே மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்தவர். விண்மீன்களின் ஒளித்தரத்தை ஒரு தரத்திற்கு 2.512 மடங்கு என அளக்கும் முறையும் 1856இல் இவர் முன்மொழிந்ததே. 1861இல் சென்னை, நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தின் பொறுப்பேற்றார். 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் இங்கேயே உழைத்தார்.

அவ்வேட்டை எத்தகையது? வானின் சிறு பகுதியொன்றின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதனோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் மறுநாளும் பார்க்க வேண்டும். அது நகர்ந்திருந்தால் சிறுகோள். நகராவிடில் படத்தின் பிழை. வந்த ஆண்டின் ஏப்ரலிலேயே ஒன்று அகப்பட்டது. ஆசிய மண்ணிலிருந்து முதன்முதல் காணப்பட்டதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். பின்னர் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா. 1866இல் சென்னையிலிருந்து காணப்பட்ட சில்வியாவை இரு சிறு நிலவுகள் சுற்றுவதாக 2005இல் அறிவித்தனர். போக்சனின் உதவியாளர் ரகுநாதாச்சாரியும் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிமீன்கள் மழையாய்ப் பொழிந்தன. 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பின் காணாமற்போன பீலா வால்மீனின் சிதறல்கள் அவை. வால்மீனே பூமியை உரசிச் சென்றிருக்குமோ என எண்ணிய ஜெர்மானிய வானியலார் கிளிங்கர்ஃபூயஸ், அது இனித் தென்வானில் மட்டுமே தெரியும் எனக் கணித்துப் போக்சனுக்குத் தந்தியடித்தார்: சென்டாரஸ் விண்மீன் குழுவில் தேடுக!

(அதே விண்மீன் குழுவில், 1689 டிசம்பரில், நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் இருந்து வால்மீனொன்றை ஆராய்ந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை விண்மீன் எனக் கண்டார். வால்மீன் தேடுவோர்க்கு வேறு பரிசும் கிடைப்பதுண்டு.)

சென்னையிலோ வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் மூடிக் கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை முகில் சற்றே விலகிற்று. சொன்ன இடத்தருகே ஒரு வால்மீன்! மறுநாள் விடியலில் சிறு வாலும் தெரிந்தது. பிறகு முகில் மூடிக்கொண்டது. வேறெவரும் அதைப் பார்க்கவில்லை.

ஒரு வால்மீனின் பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று நோக்கல்கள் தேவை. போக்சனிடம் இருந்தவை இரண்டு நாள்களின் குறிப்புகளே. அது பீலாவாக இருக்க முடியாது எனப் பின்வந்தோர் கணக்கிட்டுக் கூறினர். அப்படியானால் அது எது? தந்தி சொன்ன திசையில் வேறொரு வால்மீன் தற்செயலாக வந்து நின்றதா? பாதை கணிக்கப்படாத வால்மீன்களுக்குரிய 'எக்ஸ்' என்னும் எழுத்தோடுதான் அது இன்றும் பட்டியலில் இருக்கிறது.