மெனுவுக்குத் தெரியாத முகவரி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் தரும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அதே நாளில்தான் கும்மிடிப்பூண்டி பக்கம் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டமும் தொடங்கியது. மாட்டை விட்டுவிடுவோம், இங்கே லேப்டாப் கதை மட்டும்.

அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. தமிழிலேயே மெனு காட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் புதிதாக ஒரு மென்பொருள் வேண்டுமென்றால்? லினக்ஸில் வழக்கமான வழி, அதையும் அதற்குத் தேவையான நூலகக் கோப்புகளையும் இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவது. வீட்டில் நெட் இல்லாத பிளஸ் டூ மாணவிக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். பென் டிரைவில் கொண்டுவந்து அப்படியே ஓட்ட முடிந்தால்தான் உண்டு.

அதற்கான முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. 2004-இல் சைமன் பீட்டர் 'கிளிக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு மென்பொருளுக்கு ஒரே கோப்பு, நிறுவும் வேலையே கிடையாது. அதுதான் பெயர் மாறி மாறி 2013 வாக்கில் 'ஆப்இமேஜ்' ஆனது.

சரி, கோப்பு இன்று பென் டிரைவில் இருக்கும், நாளை வேறு ஃபோல்டரில் இருக்கும். தன் நூலகங்கள் எங்கே என்று மென்பொருளுக்கு யார் சொல்வது? இங்கேதான் சூழல் மாறிகள் வருகின்றன. 1979-இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த பழைய சரக்கு! ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவே. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் மாறிகளின் நகலைக் கொடுத்தனுப்பும். பில் புத்தகத்துக் கார்பன் நகல் மாதிரி, நகலில் திருத்தினால் மூலம் மாறாது. ஆப்இமேஜுக்குள் இருக்கும் தொடக்க நிரல், முதலில் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். 'எல்டி லைப்ரரி பாத்' போன்ற மாறிகளை அந்த இடத்துக்குத் திருப்பிவிட்டு, அப்புறம்தான் மென்பொருளை எழுப்பும்.

மெனுவில் சேர்ப்பது தனிக் கதை. டெர்மினலில் அருமையாக ஓடும் மென்பொருள், மெனுவில் கிளிக் செய்தால் வாயே திறக்காது... காரணம் எளிது. பாஷ் அமைப்புக் கோப்பில் எழுதிய மாறிகள் டெர்மினல் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் போகும். மெனுவிலிருந்து கிளம்புவது வேறு வீட்டுப் பிள்ளை. மெனுவின் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு 'டெஸ்க்டாப்' கோப்பு இருக்கிறது. 2000-இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம் வகுத்த வடிவம் அது. அதன் 'எக்ஸெக்' வரியில் டாலர் குறி போட்டு மாறியை எழுதினால் பலிக்காது. வரியின் முதலில் 'என்வ்' கட்டளை, அடுத்து மாறியும் மதிப்பும், கடைசியில் மென்பொருள் இருக்கும் முழு முகவரி என்று எழுத வேண்டும். இது தெரியாமல் லினக்ஸையே திட்டியவர்கள் ஏராளம்.

அதே இடத்தில் 'லாங்' மாறிக்குத் தமிழைக் கொடுத்தால், தமிழாக்கம் உள்ள மென்பொருள் ஆங்கில டெஸ்க்டாப்பிலும் தமிழில் திறக்கும். மெனுவில் தெரியும் பெயருக்கும் அந்தக் கோப்பில் தமிழுக்கென்று தனி வரி எழுதலாம். யாரும் எழுதாவிட்டால், தமிழ் மெனுவின் நடுவே அந்த ஒரு பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும்.